நாற்பது பேருக்கு ஓர் இரவு

"ஒருவருக்கு ஐயாயிரம், பிளஸ் பிளஸ்."

விடுதியிலிருந்து தொலைபேசியில் இப்படிப் பதில் வந்தால் ஐயாயிரத்தை எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். அதன் வாலில் தொங்கும் இரண்டு பிளஸைக் குறித்துக்கொள்பவர்கள் குறைவு. முதல் பிளஸ் 10 வீதச் சேவைக் கட்டணம். அடுத்தது அரசாங்க வரி. 2022 ஒக்ரோபரில் வந்த சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 வீதமும், 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்ந்த வற் வரியும் அதற்குள் இருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிப் பார்த்தால் 5,000 ரூபா 6,652 ரூபாவாகிவிடும். நாற்பது பேரைக் கூட்டிப்போகும் ஒரு மாதர் சங்கம் இரண்டு இலட்சம் என்று எண்ணிக் காசைச் சேர்த்து வைத்திருந்தால், புறப்படும் நாளில் கையில் வரும் பில் 266,000 ரூபாவைத் தாண்டியிருக்கும். அந்த அறுபத்தாறாயிரத்தை யார் கொடுப்பது?

இது கற்பனைக் கணக்குத்தான். ஆனால் திருகோணமலை மாவட்டத்தில் சங்கம், கழகம், ஆசிரியர் குழு, ஆலய சபை என்று எதையாவது நடத்திய எவருக்கும் இந்தக் கணக்கு புதிதாக இருக்காது. ஒரு குழுவை ஓரிரவு வெளியே கூட்டிப்போய் இருத்திப் பேசவைப்பதற்கு ஈழத்து அலுவலகத் தமிழில் ‘வதிவிடச் செயலமர்வு’ என்று பெயர். கத்தோலிக்கர்கள் அதையே தியானம் என்பார்கள், கம்பனிக்காரர்கள் ரிட்ரீட் என்பார்கள். பெயர் எதுவானாலும் இடம் தேடுவதும் விலை பேசுவதும் கடைசியில் ஒரு செயலாளரின் தலையில்தான் விழுகிறது. அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கட்டைபறிச்சானிலிருந்து புறப்படும் ஒரு குழுவை வைத்தே இதைப் பார்ப்போம். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூருக்கும் சம்பூருக்கும் இடைப்பட்ட ஊர் அது. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் அவர்கள் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார்கள். காணிகள் விடுவிக்கப்பட்டது 2015, 2016 ஆம் ஆண்டுகளில்தான். அந்தக் காத்திருப்பின்போதே தொண்டு நிறுவனங்களோடு வளவாளர், பங்குபற்றுனர், செயலமர்வு என்ற சொற்களும் இந்த ஊர்களுக்குள் வந்து சேர்ந்தன. அப்போது இடத்தையும் விலையையும் வேறு யாரோ தீர்மானித்தார்கள், ஊர்ச்சனம் பஸ்ஸில் ஏறிப் போய் வந்தது. இன்று பல சங்கங்கள் தங்கள் காசில், தங்கள் பெயரில் ஒன்றுகூடல் நடத்துகின்றன. பேரம் பேச வேண்டியவர்களும் அவர்களேதான்.

மூதூர்க் கரையில் நின்றால் குடாவுக்கு அப்பால் திருகோணமலை தெரியும். தரைவழியாகப் போவதென்றால் குடாவைச் சுற்றியே போக வேண்டும். ஒரு காலத்தில் இந்த வழியில் ஒவ்வொரு துறையிலும் பாதைப்படகுக்குக் காத்துக் கிடந்தார்கள், இல்லையேல் மூதூரிலிருந்து லோஞ்சில் போனார்கள். 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் அமைந்தபின் பயணத்தின் முகமே மாறிவிட்டது. உப்புவெளியும் நிலாவெளியும் நகரத்துக்கும் வடக்கே இருப்பவை. கட்டைபறிச்சானிலிருந்து நிலாவெளிவரை ஒன்றரை மணித்தியாலமாவது கணக்கில் வைக்க வேண்டும். பஸ் வாடகையைச் சேர்க்காமல் விடுதி விலைகளை ஒப்பிட்டால் கணக்கு பிழைத்துப்போகும். இன்னும் வடக்கே குச்சவெளியில் ஆளுக்கு ஐந்நூறு குறைவு என்று மகிழ்ந்தவர், மேலதிகமாக ஓடிய தூரத்துக்கு அந்த ஐந்நூறைப் பஸ்காரரிடம் கொடுத்துவிட்டு வருவார்.

அப்படியானால் ஏன் போக வேண்டும்? ஊர்ப் பொதுநோக்கு மண்டபம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஊரில் நடக்கும் கூட்டத்தில் பத்தரை மணிக்கு ஒருவர் பால்மா வாங்கப் போவார். பதினொன்றுக்கு இன்னொருவரின் பிள்ளை வந்து வாசலில் நிற்கும். பன்னிரண்டுக்குப் பாதிப்பேர் உலை வைக்கப் போய்விடுவார்கள். இருக்கும் இடமே பேச்சின் போக்கை மாற்றிவிடும் என்பது பெரிய மேசைகளில் இருந்தவர்களுக்கும் தெரிந்த சங்கதி. 1985 இல் ஈழப் பிரச்சினை பற்றிப் பேசப் பூட்டான் தலைநகர் திம்புவுக்குப் போனார்கள். அந்த ஊரின் பெயரே திம்புக் கோட்பாடுகளுக்கு நிலைத்துவிட்டது. 2002 செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப் கடற்படைத் தளத்தில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே தொடங்கிய சமாதானப் பேச்சு ரோஸ் கார்டன் விடுதி, ஒஸ்லோ, பேர்லின் என்று நகர்ந்து 2003 மார்ச்சில் யப்பானின் ஹக்கோனேவுக்குப் போனது. இரு தரப்பும் தத்தம் வீட்டு வாசலைவிட்டு விலகி அமர வேண்டும் என்பதும் அந்த அலைச்சலுக்கு ஒரு காரணம்.

அதே தேவை ஒரு மாதர் சங்கத்துக்கும் இருக்கிறது. இருபது வருடம் ஒரு இரவுகூட வீட்டைவிட்டுத் தங்காத பெண், சமைக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கடற்கரையில் அமரும்போது பேசுகிற பேச்சு வேறு. அதற்காகச் செலவழிக்கும் காசு வீண்செலவாகாது. அதைக் கவனமாகச் செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

விலை பேசப் போகிறவரிடம் இருக்கும் பெரிய பலம் திகதி. ஒரு அறை இன்றிரவு வெறுமையாகக் கிடந்தால் அந்த இரவை நாளைக்கு விற்க முடியாது, வருமானம் போனது போனதுதான். திருகோணமலைக் கரையில் சீசன் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கிச் செப்டெம்பர்வரை போகும். யூலை, ஓகஸ்டில் உச்சம். ஒக்ரோபர் கடைசியில் மழை கட்டினால் தை மாதம்வரை கடல் கொந்தளிப்புத்தான். வெளிநாட்டார் தெற்கே மாறிப் போய்விடுவார்கள். சீசனுக்குள்ளும் மேடு பள்ளம் உண்டு. சித்திரைப் புத்தாண்டு, பாடசாலை விடுமுறை, வெள்ளி அல்லது திங்களில் வரும் போயா ஆகியவற்றையொட்டிக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வான் வானாகச் சனம் வந்து இறங்கும். அந்த நாட்களில் எந்த முகாமையாளரும் இறங்கி வரமாட்டார். அந்த விடுமுறை முடிந்த மறுநாள் அதே விடுதியில் அதே முகாமையாளர் வேறு மனிதராக இருப்பார்.

ஆகவே திகதியைக் கேட்கும் விதத்திலேயே பேரம் தொடங்கிவிடுகிறது. "ஓகஸ்ட்ல இந்தச் சனிக்கிழமை நாப்பது பேருக்கு இடம் இருக்கா தம்பி?" என்று கேட்டால் ‘இருக்கு’ அல்லது ‘இல்லை’ என்று பதில் வரும், கூடவே பட்டியல் விலையும் வரும். இதையே மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

"தம்பி, நாங்க நாப்பது பேர். ஒரு ராத்தங்கல். செப்டெம்பர் கடைசியில கிழமை நாளாப் பாக்கிறம். உங்களுக்கு எந்த நாள் வெறுமையாக் கிடக்கு?"

"செவ்வாய், புதன் எண்டா பிரச்சினை இல்ல அக்கா."

"அப்ப அந்த நாளுக்கு என்ன விலை போடுவீங்கள்? எல்லா வரியும் சேத்து, கையில குடுக்கிற காசு எவ்வளவு எண்டு சொல்லுங்கோ."

கடைசிக் கேள்விதான் உயிர். ‘வரி சேர்த்து, கையில் கொடுக்கும் காசு’ என்று கேட்டு வாங்கிய ஒரே ஒரு எண்ணை விசாரிக்கும் மூன்று விடுதிகளிலும் எழுதி வாங்கினால்தான் மூன்று விலைமனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆண்டு வியாபாரம் குறிப்பிட்ட எல்லைக்குள் நிற்கும் சிறிய விருந்தினர் விடுதிகள் வற் வரிக்குப் பதிவாகியிருக்காது, பதிவில்லாத இடம் வற் வரியை அறவிட முடியாது. பில்லில் வற் வரி இருந்தால் பதிவிலக்கமும் அதில் இருக்க வேண்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். கேட்பவர் கையில் இருப்பது நாற்பது பேரின் காசு.

விலை இதற்குமேல் இறங்காது என்ற நிலை வந்தபிறகும் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. விடுதிக்குக் காசாக விட்டுக்கொடுப்பது கடினம், பொருளாகவும் நேரமாகவும் விட்டுக்கொடுப்பது சுலபம். சாப்பாடும் தேநீரும் அங்கேயே என்றால் மண்டப வாடகையைத் தள்ளிவிடச் சொல்லலாம். பல இடங்களில் கேட்டாலே தள்ளுவார்கள், ஏனென்றால் அவர்களின் இலாபம் சமையலறையில் இருக்கிறது. பதினைந்து அல்லது இருபது பேருக்கு ஒருவர் இலவசம் என்பது சுற்றுலாக் குழுக்களுக்கு உலகமெங்கும் உள்ள வழக்கம். வளவாளரின் அறையை அதற்குள் அடக்கலாம். சாரதி தூங்க ஓர் இடம், அவருக்குச் சாப்பாடு என்பவற்றையும் அப்போதே பேசிவிட வேண்டும். இரவில் பஸ்ஸின் பின்சீற்றில் நுளம்புக்கடியோடு படுத்த மனிதர்தான் மறுநாள் நாற்பது பேரை வீடு கொண்டுவந்து சேர்க்கப் போகிறவர். கடைசி நாள் பதினொன்றுக்கு அறையைக் காலிசெய்யச் சொன்னால், பயிற்சி முடியும்வரை இரண்டு அறைகளையாவது வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். பொதி வைக்கவும், முகம் கழுவவும், வயதானவர் ஒருவர் சாயவும் அது உதவும்.

இந்தப் பேரத்தின் பின்னணியும் தெரிந்திருப்பது நல்லது. இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 2018 இல் 23 இலட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள் தாக்கப்பட்டன, அடுத்த ஆண்டு கொரோனா வந்தது, 2021 இல் வந்தவர்கள் இரண்டு இலட்சம்கூட இல்லை. 2022 இல் எரிபொருள் வரிசை. 2024 இல் வருகை மறுபடி 20 இலட்சத்தைக் கடந்தது. வெளிநாட்டார் இல்லாத அந்த இடைக்காலத்தில் உள்ளூர்க் குழுக்கள்தான் பல விடுதிகளுக்கு அடுப்பு எரியக் காரணம். ஊரிலிருந்து போகும் சங்கம் தயவு கேட்டுப் போவதாக நினைக்கத் தேவையில்லை.

நேரில் போய்ப் பார்க்காமல் முற்பணம் கட்டக் கூடாது. படத்தில் கடல் தெரியும், மண்டபத்தின் நடுவில் நிற்கும் தூண் தெரியாது. இருவர் போய், ஒருவர் வளவாளர் நிற்கும் இடத்தில் நின்று பேச, மற்றவர் கடைசிக் கதிரையில் இருந்து கேட்க வேண்டும். ஏசியை அணைத்துவிட்டு ஒருமுறை, போட்டுவிட்டு ஒருமுறை. கரண்ட் போனால் ஜெனரேற்றர் எங்கே இருந்து இரைகிறது, அது மண்டபத்துக்கு மட்டுமா அறைகளுக்குமா? பிளக் பொயின்ற் எத்தனை, எங்கே? பெண்கள் நாற்பது பேருக்கு மண்டபத்தோடு ஒட்டிய கழிப்பறை எத்தனை? இரண்டு என்றால் பதினைந்து நிமிடத் தேநீர் இடைவேளை நாற்பது நிமிடமாகும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். முழங்கால் வலியுள்ளவர்களுக்குக் கீழ்த்தள அறை உண்டா? கடற்கரை விடுதிகளில் அறைக்கும் மண்டபத்துக்கும் இடையில் மணல்தான் பாதை. ஊன்றுகோலோடு வருபவருக்கு முப்பது யார் மணல் பெரிய தூரம். அதே விடுதியில் அன்றிரவு கலியாண வீடோ டீஜே இசையோ உண்டா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட நினைவில் நிற்பது சாப்பாடு. மூதூர்ப் பிரதேசத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்கிறார்கள், ஒரே சங்கத்திலும் இருக்கிறார்கள். ஹலால் இறைச்சி என்று ஒருவர் வாயால் சொன்னது போதாது, எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை வைத்தால் மதியம் ஜும்ஆவுக்கு நேரம் விட வேண்டும், பக்கத்தில் பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். அதே வெள்ளிக்கிழமை இந்துக்களில் பலர் மச்சம் தொடமாட்டார்கள். கந்தசஷ்டி, நவராத்திரி, ஆலயக் கொடியேற்றக் காலங்களில் பாதிப்பேர் மரக்கறி. நோன்பு மாதத்தில் வைக்காமலே இருப்பது நல்லது. போயாவில் இறைச்சிக் கடைகளும் மதுக்கடைகளும் பூட்டு. ‘மரக்கறி உண்டு’ என்று விடுதி சொல்லும்போது அது தனிச் சட்டி, தனி அகப்பையா, மீன்குழம்பு ஊற்றிய கரண்டியா என்பது வரை போய்க் கேட்கிற செயலாளரைச் சிலர் அலுப்பாகப் பார்ப்பார்கள். அப்படிக் கேட்டவர் கூட்டிப்போன குழுவில்தான் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

பஃபே வேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டியது. சுற்றுலா மேசையில் பாஸ்ரா, சலட், மூன்று வகைப் புடிங் என்று அடுக்கி விலை ஏற்றுவார்கள். கிராமத்துக் குழுவுக்குச் சோறு, பருப்பு, ஒரு மீன் அல்லது கோழி, இரண்டு மரக்கறி, சம்பல், பழம், தயிர் போதும். அதைச் சொன்னால் பல சமையல்காரர்கள் சந்தோஷத்தோடு சமைப்பார்கள், தலைக்கு விலையும் இறங்கும். தேநீரோடு வரும் சிற்றுண்டியிலும் இதே கதை. ரோல்ஸ், பற்றிஸ் இரண்டுக்குப் பதில் ஒரு கொழுக்கட்டையோ சுண்டலோ கேட்கலாம்.

பேசி முடித்ததெல்லாம் ஒரு தாளில் வர வேண்டும். மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோகூடப் போதும், ஆனால் விடுதியின் பக்கமிருந்து ‘சரி’ என்ற பதில் அதில் இருக்க வேண்டும். அதில் தவறாமல் இருக்க வேண்டிய ஒன்று, இறுதி எண்ணிக்கையை எந்த நாளுக்குமுன் சொல்ல வேண்டும் என்பது. நாற்பது என்று சொல்லி முப்பத்திரண்டு பேர் வந்தால் நாற்பதுக்கும் காசு எடுப்பார்கள். ஆகவே முப்பத்தைந்து என்று உறுதிப்படுத்தி, ஐந்து பேர் கூடினாலும் இதே விலை என்று எழுதி வாங்குவது புத்தி. வட அமெரிக்காவில் தமிழ்ச் சங்க விழாக்களுக்கு அறை பிடித்தவர்களுக்கு இதன் பெரிய உருவம் தெரியும். 2019 யூலையில் சிக்காகோப் பகுதியில் நடந்த பத்தாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு போன்றவற்றுக்கு ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். அங்கே பெரிய கூட்டங்களுக்கு விடுதிகள் ஒரு தொகுதி அறைகளைக் குறிப்பிட்ட திகதிவரை குறைந்த விலையில் ஒதுக்கிவைக்கும், ஒப்புக்கொண்ட அளவு நிரம்பாவிட்டால் மிகுதிக்கு ஏற்பாட்டாளரே பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இருக்கும். நானூறு அறைக்கும் இருபது அறைக்கும் விதி ஒன்றுதான்.

மற்றது, நடக்காமல் போனால் என்ன? 2020 டிசம்பர் 2 இல் புரெவிப் புயல் கரையேறியது திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில், அதாவது விடுதிகள் வரிசையாக இருக்கும் அதே கரையின் வடக்கில். 2025 நவம்பர் கடைசியில் டிட்வாப் புயல் நாட்டையே வெள்ளத்தில் ஆழ்த்தியது. மழைக்காலம் விலை மலிவான காலம் என்பது உண்மை, வீதி வெள்ளத்தில் அறுந்துபோகக்கூடிய காலம் என்பதும் உண்மை. புயல், வெள்ளம், ஊரடங்கு, எரிபொருள் தட்டுப்பாடு வந்தால் முற்பணம் இழக்காமல் வேறு திகதிக்கு மாற்றித் தர வேண்டும் என்ற ஒரு வரியை எந்த நியாயமான விடுதியும் மறுக்காது. கேட்காவிட்டால் எழுதவும் மாட்டார்கள்.

மாலையில் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குப் படகில் போவோமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். 2021 நவம்பர் 23 இல் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாதைப்படகு கவிழ்ந்து, பள்ளிக்குப் போன பிள்ளைகளை இழந்த மாவட்டம் இது. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, அதுவும் கட்டிய பிறகே ஏறுவது என்று பேசாமல் படகுக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

விடுதிக்குப் போகாமலும் இதைச் செய்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். 1958 இல் கனதொலுவ என்ற கிராமத்துக்கு நாலந்தா கல்லூரி மாணவர்களை அழைத்துப் போய்த் தொடங்கியதுதான் ஏ.ரி. ஆரியரத்னவின் சர்வோதய இயக்கம். ஊர்க்காரரோடு தங்கி, ஊர்க்காரரோடு வேலை செய்வதே அவர்களுடைய வழி. தேவாலயங்களின் தியான இல்லங்கள், சங்கங்களின் பயிற்சி நிலையங்கள் இன்றும் விடுதியைவிடக் குறைந்த செலவில் இடம் கொடுக்கின்றன. நாற்பது பேருக்கான அந்த 266,000 ரூபாவில் ஒரு பங்கை இறால்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கமே செலவழிக்க முடியுமா என்று ஒருமுறை யோசிக்கலாம். முதல்நாள் அமர்வை ஊரில் வைத்து, சோற்றை ஊரிலுள்ள சமையல் குழுவிடம் கொடுத்து, இரண்டாம் நாளையும் இரவையும் மட்டும் கடற்கரைக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டில் காசும் மிஞ்சும், ஊர்ப் பெண்கள் சிலருக்கு அன்றைய கூலியும் கிடைக்கும்.

கடைசி நாள் மத்தியானம். பஸ் வாசலில் நிற்கிறது, பொதிகள் ஏறிவிட்டன. செயலாளர் காசாளரின் மேசைக்கு முன்னால் கொப்பியை விரித்து வைத்திருக்கிறார். முதல்நாள் காலைத் தேநீர் 41, சரி. மதியம் 41, சரி. மாலைத் தேநீர் 46 என்று பில்லில் இருக்கிறது. கொப்பியில் 41, பக்கத்தில் பரிமாறிய தம்பியின் கையெழுத்து. காசாளர் அவரைக் கூப்பிட்டுக் கேட்கிறார், அவர் தலையாட்டுகிறார், ஐந்து தேநீரும் ஐந்து பற்றிஸும் வெட்டப்படுகின்றன. வெளியே சாரதி ஹோர்ன் அடிக்கிறார். செயலாளர் அடுத்த வரிக்கு விரலை நகர்த்துகிறார்.